வீட்டில் ஜெல் நகப்பூச்சை அகற்றுதல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்துப் பெண்கள் பலர் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள பியூட்டி பார்லரில் ஜெல் பாலிஷ் போட்டுக்கொள்கிறார்கள். திருமணத்துக்காகப் போட்ட அந்தப் பூச்சு இரண்டு மூன்று வாரங்களில் நகம் வளர வளர அடிப்பகுதியில் இடைவெளி காட்டத் தொடங்கும். அதை எடுப்பதற்காக மட்டும் மீண்டும் ஒருமுறை பேருந்து ஏறிப் போக மனம் வராமல், வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று பலரும் முயல்கிறார்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்து மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்களுக்கு இதில் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. நோயாளிகளை நேரடியாகத் தொட்டுப் பராமரிப்பவர்கள் செயற்கை நகம் அணியக் கூடாது என்றும், இயற்கை நகத்தின் நுனியும் 0.5 செ.மீ.க்கு மேல் நீண்டிருக்கக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு கைச் சுகாதார வழிகாட்டி கூறுகிறது. ஜெல் பூச்சையும் இதே கணக்கில் சேர்க்கும் மருத்துவமனைகள் உண்டு. ஆகவே விடுப்பு முடியும் நாளுக்கு முந்தைய இரவில் பூச்சைச் சுரண்டத் தொடங்குபவர்கள் ஏராளம்.

இந்த வேலையில் நகம் கெடுவதற்கு, பூச்சை இளக்கப் பயன்படும் அசிட்டோன் என்ற திரவம் பெரும்பாலும் காரணமல்ல. சரியாக ஊறாத பூச்சை வலிந்து பெயர்ப்பதே காரணம். ஜெல் பூச்சு நகத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால், பற்றுதல் விடுவதற்கு முன்பே நகத்தின் மேலடுக்குகள் பூச்சோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு சிக்கலிலும், வலுவைக் கூட்டாமல் எந்த நிலையில் எது தவறியது என்று கண்டுபிடிப்பதுதான் வழி.

சாதாரண நெயில் பாலிஷில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ். கரைப்பான் ஆவியானதும் அது படலமாகக் காய்கிறது. அதே வகைக் கரைப்பான் பட்டால், வெல்லம் தண்ணீரில் கரைவது போல மீண்டும் கரைந்துவிடுகிறது. ஜெல் பாலிஷ் அப்படிக் காய்வதில்லை. அதிலுள்ள அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகள் புற ஊதா அல்லது எல்இடி விளக்கின் ஒளி பட்டதும் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து வலைப்பின்னலாகிவிடுகின்றன. இந்த வலை அசிட்டோனில் கரையாது. அசிட்டோன் அதற்குள் புகுந்து அதை வீங்கச் செய்யும். வீங்கிய பூச்சு நகத்தின் மேல் கொண்ட பிடியை இழந்து, சுருங்கி, செதில்களாக எழும்பும். பஞ்சால் தேய்ப்பது இதில் பயன் தராததற்கும், காத்திருப்பது பயன் தருவதற்கும் இதுவே காரணம்.

முறையாகச் செய்வது எப்படி

அறிகுறிகளைப் பார்ப்பதற்கு முன் சரியான வரிசையைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் கழுவிய கையோடும் குளித்த கையோடும் தொடங்க வேண்டாம். நீரில் ஊறிய நகம் மென்மையாகி எளிதில் பிளக்கும். கை நன்றாகக் காய்ந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருப்பது நல்லது. மோதிரங்களையும் கல் ஒட்டிய கவரிங் வளையல்களையும் முதலில் கழற்றிவிட வேண்டும். அசிட்டோன் பட்டால் கல்லைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். 180 எண் (சொரசொரப்பின் அளவு) கொண்ட நெயில் ஃபைலால் மேல்பூச்சின் பளபளப்பு முழுவதும் போகும்வரை, ஒரே இடத்தில் அழுத்தாமல், மெதுவாகத் தேய்க்க வேண்டும். நிறத்தில் சிறிது தூளாக உதிரலாம். நகம் தெரியும் அளவுக்குப் போகக் கூடாது. அதன் பிறகு நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் விரல் நுனியிலும் பெட்ரோலியம் ஜெல்லியையோ தேங்காய் எண்ணெயையோ தடவ வேண்டும். பூச்சின் மேல் எண்ணெய் படக் கூடாது. பட்டால் அசிட்டோன் உள்ளே புகுவது தடைப்படும்.

மருந்துக் கடையில் உருளையாகக் கிடைக்கும் பஞ்சை நகத்தின் அளவுக்கே பிய்த்து, அசிட்டோனில் நன்கு நனைத்து நகத்தின் மேல் வைத்து, உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளால் விரல் நுனியை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். 10 முதல் 15 நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். எல்லா விரல்களையும் ஒன்றாக அவிழ்க்காமல் ஒரு விரலை மட்டும் அவிழ்த்துப் பாருங்கள். பூச்சு சுருங்கி விளிம்புகள் எழும்பியிருந்தால், தட்டையான மரக்குச்சியால் நகக்கண் பக்கமிருந்து நுனியை நோக்கி மெல்லத் தள்ளினால் அது நழுவி வரும். வராத பகுதிக்குப் புதுப் பஞ்சு வைத்து மீண்டும் ஐந்து நிமிடம் சுற்றுவதே விதி. முடிந்ததும் சோப்பால் கை கழுவி, நகத்திலும் சுற்றுத் தோலிலும் எண்ணெய் தடவ வேண்டும்.

கை முழுவதையும் கிண்ணத்து அசிட்டோனில் முக்கி வைக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை சற்று விரைவாகலாம்; ஆனால் தேவையே இல்லாத தோல்பரப்பு முழுவதும் தன் எண்ணெய்ப் பசையை இழக்கிறது, அறை முழுவதும் ஆவி நிறைகிறது.

ரிமூவர் தேய்த்தும் நிறம் சிறிதும் மாறவில்லை

பெரும்பாலும் திரவமே தவறானதாக இருக்கும். ஃபேன்சி கடைகளில் சிறு புட்டிகளில் விற்கப்படும் ரிமூவர்களில் பல அசிட்டோன் இல்லாதவை. அவற்றில் எத்தில் அசிட்டேட் போன்ற வேறு கரைப்பான் இருக்கும். பெயர் ஒத்திருப்பதால் அசிட்டேட்டும் அசிட்டோனும் ஒன்றே என்று கடைக்காரர்களே சொல்லிவிடுவதுண்டு. இவை வேறு வேறு பொருள்கள். அசிட்டோன் இல்லாத ரிமூவர் சாதாரணப் பாலிஷை நன்றாகவே எடுக்கும். ஜெல்லின் மேல் மணிக்கணக்கில் வைத்தாலும் போதிய பயன் இராது. அசிட்டோன் இருந்தும் அதோடு தண்ணீர், கிளிசரின், எண்ணெய், வாசனை என்று பலவும் சேர்ந்த ரிமூவர்களும் உண்டு. அவை வேலை செய்யும், ஆனால் இரட்டிப்பு நேரம் பிடிக்கலாம். புட்டியின் மேலுள்ள பொருள் பட்டியலில் அசிட்டோன் முதலாவதாக இருக்கிறதா என்று பாருங்கள். திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவிலும் நாகர்கோவிலிலும் பார்லர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் ‘தூய அசிட்டோன்’ என்று கேட்டு வாங்கலாம்.

நம் பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கையை இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகு கட்டும், பழுதுபார்க்கும் இடங்களில், பிசின் தடவிய தூரிகைகளைக் கழுவ அசிட்டோன் வைத்திருப்பார்கள். உறவினர் வேலை செய்யும் இடம் என்று அங்கிருந்து ஒரு புட்டி வாங்கி வந்து நகத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். தூரிகை கழுவிய திரவத்தில் கரைந்த பிசினும் பிற வேதிப்பொருள்களும் கலந்திருக்கும். பெயின்ட் கடைத் தின்னரும் இதேபோல விலக்க வேண்டியதே. அது பல கரைப்பான்களின் கலவை, தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

பற்பசை, எலுமிச்சைச் சாறு, வினிகர், உப்புப் போட்ட வெந்நீர் என்று வீட்டுக் குறிப்புகளாகப் பரவுபவை எவையும் குறுக்குப் பிணைந்த ஜெல்லை ஒன்றும் செய்யாது. வெந்நீரில் நெடுநேரம் ஊறவைத்த பிறகு பூச்சு சற்று எழும்பியது போலத் தோன்றினால், உண்மையில் மென்மையானது நகம்தான். அந்த நிலையில் உரிப்பதுதான் இருப்பவற்றுள் மிக மோசமான வழி.

சரியான அசிட்டோன்தான், கால் மணி நேரம் வைத்தும் அசையவில்லை

இதற்குக் காரணங்கள் பல. எளிதானதிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

முதலில் மேல்பூச்சைப் பாருங்கள். டாப் கோட் என்பது கீறலையும் கரைப்பானையும் தாங்குவதற்கென்றே அமைந்த அடுக்கு. அதன் பளபளப்பு எங்கேனும் மீந்திருந்தால் அசிட்டோன் அந்த இடத்தில் உள்ளே போகாது. நகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பளபளப்பு மீந்த இடங்கள் தெரியும். பெரும்பாலும் நகக்கண் ஓரத்திலும் பக்கவாட்டிலும்தான் மீந்திருக்கும். நுனி விளிம்பையும் மறக்கக் கூடாது. பூச்சு சீக்கிரம் பெயராமல் இருக்க, பார்லரில் நுனியை மடித்து மூடியிருப்பார்கள். அந்த மூடலை ஃபைலால் திறந்துவிட்டால் அசிட்டோன் அடியிலிருந்தும் புகும்.

அடுத்து பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். அசிட்டோனின் கொதிநிலை வெறும் 56 டிகிரி செல்சியஸ். திறந்திருந்தால் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். அவிழ்க்கும்போது பஞ்சு உலர்ந்திருந்தால் நீங்கள் ஊறவைத்ததே சில நிமிடங்கள்தான். தாள் தளர்ந்திருக்கலாம், பஞ்சு மிகச் சிறியதாக இருக்கலாம், மின்விசிறி நேராக விரல்மேல் வீசியிருக்கலாம். தாளின் நுனியை மடித்து அடைத்து, விசிறிக்கு எதிரே உட்காராமல் மீண்டும் செய்யுங்கள்.

மூன்றாவது காரணம் குளிர்ச்சி. அசிட்டோன் ஆவியாகும்போது விரலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பெய்யும் நாள்களில் விரல் நுனி மேலும் குளிர்ந்துபோகும், பூச்சு வீங்கும் வேகமும் குறையும். சுற்றிய கையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் மூடிவைத்தாலோ, துணி சுற்றிய வெந்நீர்ப் பையின் மேல் வைத்தாலோ நல்ல பயன் தெரியும். நீர் தாளுக்குள் இறங்கக் கூடாது. அசிட்டோன் தண்ணீரோடு முழுமையாகக் கலக்கும், கலந்தால் வீரியம் குறையும். அசிட்டோன் புட்டியையோ கிண்ணத்தையோ அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்குவது பெரும் ஆபத்து. அதன் ஆவி சுழியத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. அப்படியிருக்க, அறை வெப்பநிலையில் அது எப்போதும் தயாராக இருக்கும் எரிபொருள் என்றே எண்ண வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், புதுப் பஞ்சோடு மொத்தம் 25 நிமிடம் கடந்தும், பூச்சு கண்ணாடி போன்ற உறுதியோடு மாற்றமே இல்லாமல் இருந்தால், உங்கள் நகத்தில் இருப்பது ஊறவைத்து எடுக்கும் வகையே அல்ல. நகத்தை நீட்டுவதற்குப் பயன்படும் ஹார்டு ஜெல்லின் வலைப்பின்னல் மிக அடர்த்தியானது. அசிட்டோன் அதற்குள் புகாது. பில்டர் ஜெல் என்ற பெயரில் வருபவற்றுள் ஊறுபவையும் உண்டு, ஊறாதவையும் உண்டு. பாலிஜெல்லிலும் இது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். போட்ட பார்லருக்குத் தொலைபேசியில் பேசி, அது ஊறவைத்து எடுக்கும் ‘சோக் ஆஃப்’ வகையா, ஃபைல் செய்து எடுக்க வேண்டிய வகையா என்று கேட்பதே குறுக்குவழி. ஊறாத வகை என்றால் நீண்ட பகுதியை வெட்டிக் குறைத்துக்கொண்டு, மீதியைப் பார்லரில் எடுக்கச் சொல்வதே என் அறிவுரை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மின் ஃபைல் இயந்திரத்தைப் பழக்கமில்லாதவர்கள் தம் நகத்தில் ஓட்ட வேண்டாம். நகத் தகட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான், இயந்திரம் அதைக் கடப்பதற்கு ஒரு கண நேரம் போதும்.

நகத்தைத் தூளில் தோய்த்துப் போடும் டிப் பவுடர், அக்ரிலிக் ஆகியவற்றைப் போட்டிருப்பவர்கள் இதே முறையில் அரைமணி நேரம் அல்லது அதற்கும் மேல் பொறுக்க வேண்டும். அவை இளகும், ஆனால் அடுக்கு கனமானது.

நடுவில் எழும்பிவிட்டது, ஓரத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது

பலரும் பொறுமை இழக்கும் இடம் இதுதான். எழும்பிய பகுதியைப் பிடித்து இழுத்தால் மீதியும் வந்துவிடும் என்று தோன்றும்; வரும், நகத்தின் மேலடுக்கோடு வரும். எழும்பிய பகுதியை நகவெட்டியால் தனியே கத்தரித்து எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் ஓரத்தில் மட்டும் சிறு பஞ்சு வைத்து ஐந்து நிமிடம் சுற்றுங்கள். இருமுறை செய்தும் வராத மெல்லிய படலம் பெரும்பாலும் அடிப்பூச்சுதான். அதை மிக மென்மையான பஃபரால் (நகத்தை மெருகிடும் பட்டையால்) தேய்த்து எடுக்கலாம். அல்லது, சிறிதளவே என்றால், அப்படியே விட்டுவிடலாம். நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வந்ததும் வெட்டுண்டு போகும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளர்கிறது என்பதால், படலம் இருக்கும் இடத்தைப் பொறுத்து அதற்குச் சில வாரமோ சில மாதமோ ஆகும். கத்தி முனை, ஊக்கு, பிளேடு எதையும் பூச்சுக்கும் நகத்துக்கும் இடையே நுழைக்க வேண்டாம்.

பூச்சு செதிலாக வராமல் பிசினாக இழுபடுகிறது

ஜெல்லின் மேல் சாதாரணப் பாலிஷ் பூசியிருந்தால் அது கரைந்து நிறத்தை எங்கும் பரப்பும். புதுப் பஞ்சால் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினால் போதும். நகத்தின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் நகங்கள் அசிட்டோனில் இளகிக் கூழாகிவிடும். அவற்றைத் துணியால் வழித்தெடுத்து, பஞ்சை அடிக்கடி மாற்ற வேண்டும். மூன்றாவதாக ஒரு சாத்தியம் உண்டு; அது கவனிக்கத்தக்கது. வீட்டிலேயே ஜெல் போட்டுக்கொள்ள விற்கப்படும் பெட்டியோடு வந்த சிறு விளக்கில் போட்ட ஜெல் முழுமையாக இறுகாமல் இருந்திருக்கலாம். இறுகாத ஜெல்லில் தனி மூலக்கூறுகள் மீந்திருக்கும். அவை தோலில் படுவதே ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம். அப்படி இழுபடும் பிசினை விரலால் உருட்டாமல் பஞ்சால் எடுத்து, தோலில் பட்ட இடத்தை உடனே சோப்பால் கழுவுங்கள்.

சுற்றியதும் எரிகிறது

தாளுக்குள் குளிர்ச்சியும் லேசான இறுக்கமும் இயல்பு. எரிச்சல் இயல்பல்ல. தோலில் எங்கோ வெட்டு, பிளவு, கடித்துப் பிய்த்த நகக்கண் ஓரம் இருக்கிறது என்று பொருள். உடனே அவிழ்த்துத் தண்ணீரில் கழுவுங்கள். அந்த விரலைக் காயம் ஆறும்வரை விட்டுவிடுங்கள். முந்திரி ஆலைகளில் ஓடு உடைக்கும் பெண்களின் விரல்களில், முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுப் புண்ணும் வெடிப்பும் இருப்பது இம்மாவட்டத்தில் அரிதல்ல. அத்தகைய கையில் அசிட்டோனைக் கட்டுவது புண்ணின் மேல் புண் வைப்பதாகும். அவர்கள் பூச்சைக் குட்டையாக வெட்டி, மேற்பரப்பை மட்டும் ஃபைல் செய்து, தோல் ஆறும்வரை காத்திருப்பதே நல்லது. நகச்சுற்று வந்து வீங்கியிருக்கும் விரலுக்கும் இதுவே பொருந்தும்.

விரல் நுனி வெளுத்து, சுண்ணாம்பு பூசியது போல் தெரிவது வேறு. எண்ணெய்ப் பசையும் ஈரமும் போனதால் வரும் வெளுப்பு அது. கை கழுவி எண்ணெய் தடவியதும் மறைந்துவிடும்.

தலை சுற்றுகிறது, தொண்டை கரகரக்கிறது

வேலையை நிறுத்தி, வெளிக்காற்றுக்குப் போக வேண்டும். அசிட்டோன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய இருமடங்கு கனமானது. அது தரையோரமாகத் தங்கிப் பரவும். எனவே மூடிய படுக்கையறையில் தரையில் அமர்ந்து செய்வதைவிட, வெளித்திண்ணையிலோ, ஜன்னல் திறந்த அறையில் மேஜையருகிலோ செய்வது மேல். தவழும் குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. ஆவி தாழ்வாகப் பரவும் என்பதால் தீயும் தாழ்வாகவே பற்றும். மாலை விளக்கேற்றும் நேரத்தில், குத்துவிளக்கோ மெழுகுவர்த்தியோ ஊதுபத்தியோ எரியும் அறையில் இந்த வேலை ஆகாது. கொசுவத்திச் சுருளை மேஜைக்கடியில் கொளுத்திவைத்துக்கொண்டு அமரும் வழக்கத்தையும் அன்று தவிர்க்க வேண்டும். சமையலறையில் செய்யவே கூடாது.

எடுத்த பிறகு வெண்திட்டு, சொரசொரப்பு, மெலிவு

வெண்மை நகம் முழுவதும் சீராகத் தெரிந்து, எண்ணெய் தடவியதும் குறைந்தால் அது வறட்சி மட்டுமே. ஓரிரு நாள்களில் சரியாகும். திட்டுத்திட்டாக, மேற்பரப்பு பெயர்ந்தது போல் தடவினால் தட்டுப்பட்டால், அந்த இடங்களில் நகத்தின் மேலடுக்கு உரிந்திருக்கிறது. அதை எந்த எண்ணெயும் மீண்டும் உருவாக்காது. நகத் தகடு உயிரற்ற கெரட்டின் புரதம், அது தன்னைத்தானே சரிசெய்துகொள்வதில்லை. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து வந்து பழையது வெட்டப்பட வேண்டும். கைவிரல் நகம் முழுவதும் மாற ஏறக்குறைய ஆறு மாதமும், கால் பெருவிரலுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை நகத்தைக் குட்டையாக வெட்டி வைத்து, இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, பாத்திரம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். திட்டைச் சமன்செய்வதாக எண்ணிப் பஃபரால் தேய்த்தால் மெலிந்த நகம் மேலும் மெலியும்.

நகம் மூச்சு விடுவதற்காகப் பூச்சுகளுக்கு இடையே ஓய்வு தர வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நகம் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டியவை அடியிலுள்ள இரத்த ஓட்டத்திலிருந்து வருகின்றன. ஆனால் மேற்பரப்பு உரிந்த நகத்தின் மேல் உடனே புது ஜெல் போடுவது தவறு என்பது உண்மைதான். மெலிந்த நகம் விளக்கின் அடியில் ஜெல் இறுகும்போது எழும் சூட்டை அதிகமாக உணரும். அடுத்த முறை எடுக்கும்போது உரிவதற்கு மீதமிருப்பதும் குறைவு.

எடுத்ததும் அடியில் பச்சை, அல்லது நகம் சதையிலிருந்து விலகியிருக்கிறது

பூச்சு ஓரத்தில் எழும்பிய இடைவெளியில் ஈரம் தங்கினால், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகத்தைப் பச்சையாகவோ கரும்பச்சையாகவோ மாற்றும். இரு பருவ மழையும் நனைக்கும் நம் பகுதியில், கை எப்போதும் ஈரமாகவே இருக்கும் வேலைகளில் உள்ளவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நிறத்தை மறைக்க மேலே வேறு பூச்சு போடுவது கிருமிக்கு மீண்டும் மூடி போட்டுக் கொடுப்பதாகும். நகத்தைத் திறந்தும் உலர்வாகவும் வைத்துத் தோல் மருத்துவரைப் பாருங்கள். கரும்பட்டையாகத் தோன்றுவதையும், வலியும் சீழும் இருப்பதையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். சதையிலிருந்து விலகிய நகத்தின் அடியில் குச்சி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம். விலகிய பகுதிவரை வெட்டி, உலர வைப்பதே சரி. மெல்லிய மஞ்சள் சாயல் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பூச்சின் நிறக்கறை, வளர்ந்து போகும்.

விரலைச் சுற்றி அரிப்பு, கொப்புளம், கண்ணிமையில் வீக்கம்

இது அசிட்டோனின் வறட்சி அல்ல என்பதைப் பிரித்தறிய வேண்டும். வறட்சி எண்ணெய்க்கு அடங்கும். ஒவ்வாமை நாள்கணக்கில் நீடிக்கும்; ஜெல் போட்ட ஒவ்வொரு முறையும் கூடும்; விரல் தொட்ட முகம், கழுத்து, கண்ணிமை ஆகிய இடங்களிலும் தோன்றும். ஹெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹைட்ராக்ஸிஎதில் மெத்தாக்ரிலேட் இதற்கு அடிக்கடி காரணமாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அந்தப் பொருள் கொண்ட நகப்பூச்சுகளைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று வரம்பிட்டதற்கு இதுதான் காரணம். ஒருமுறை உடல் இதற்கு எதிர்வினை காட்டத் தொடங்கினால் அது பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும். அதே வகைப் பொருள்கள் பல் அடைப்பிலும் எலும்பு சிமென்ட்டிலும் பயன்படுவதால், பின்னாளில் பல் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கும். ஆகவே கொப்புளம் கண்டால் மீதியுள்ள ஜெல்லை எடுத்துவிட்டு, அதை மீண்டும் போடாமல், தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை (பேட்ச் டெஸ்ட்) பற்றிக் கேளுங்கள். ஃபைல் செய்யும்போது எழும் தூள் தோலில் தங்காதபடி ஈரத்துணியால் துடைத்துக்கொள்வது இவர்களுக்கு இன்னும் அவசியம்.

அவசர அறுவை சிகிச்சைக்கு முன், நேரமில்லை

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி நகத்தின் வழியே ஒளி செலுத்திப் பார்க்கிறது. அடர்நிறப் பூச்சு அந்த அளவீட்டைக் குழப்பக்கூடும். எல்லா விரலுக்கும் நேரமில்லை என்றால் இரு கை ஆள்காட்டி விரல்களையும் முதலில் எடுத்துவிட்டு, மற்றவற்றில் ஜெல் இருப்பதைச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

சிந்திவிட்டால், மீந்துவிட்டால்

பாலிஷ் போட்ட மர மேஜை, பிளாஸ்டிக் மேஜை விரிப்பு, மூக்குக் கண்ணாடிச் சட்டம், கைபேசி உறை ஆகியவற்றை அசிட்டோன் கெடுக்கும். துடைக்க முயன்றால் தழும்பு பரவும், எனவே ஒற்றி எடுத்து உலர விடுங்கள். ஊற்றி வைக்க எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம் போதும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் புட்டியோடு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நனைந்த பஞ்சையும் தாளையும் கொல்லைப்புறத்தில் குப்பை எரிக்கும் இடத்திலோ விறகடுப்பிலோ போடக் கூடாது. நெருப்பில்லாத திறந்த இடத்தில் முழுவதும் உலரவிட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். மீந்த அசிட்டோன் அது வந்த புட்டியிலேயே, பெயர்த்தாளோடு இருக்கட்டும். ரப்பர்ப் பால் உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் வாங்கி வைத்திருக்கும் வீடுகள் இங்கே பல. பழைய குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றிய இரண்டு நிறமற்ற திரவங்கள் ஒரே அலமாரியில் நின்றால், அவசரத்தில் எதை எடுத்து நகத்தில் வைக்கிறோம் என்பது கையில் பட்ட பிறகுதான் தெரியும். ஃபார்மிக் அமிலம் தோலைப் பொசுக்கிவிடும். அது புறக்கடையில் ரப்பர்ச் சாமான்களோடும், அசிட்டோன் அடுப்பிலிருந்தும் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்திலிருந்தும் விலகிய உயரமான தட்டிலும் இருக்க வேண்டும்.